வலை வீசாத மடு

அத்தியாயம் ஆறு

கலர் மீன் கடையின் முன்பக்கக் கண்ணாடியில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கடைக்காரர் அதில் அட்டையை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். டேப் அட்டையில் ஒட்டாமல் அவர் விரலிலேயே சுற்றிக்கொண்டு வந்தது.

"வாசல் இருக்கும்போது ஜன்னல் வழியா ஏறப் பார்த்திருக்காங்க. டிக்கெட் எடுக்காத கூட்டம்," என்றான் விசில்.

விசில் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்தவன். வாய் சும்மா இருக்காமல் ஒரு பெரிய அதிகாரியின் மாமியாரிடம் ஏதோ சொல்லப்போய் வேலை போனது. விசில் மட்டும் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது, பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. இப்போது வக்கீலம்மாவுக்கு உதவியாளன். வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வருஷக்கணக்காகிறது என்றாலும், ஊர் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடத் தயாராக இல்லை. கோர்ட்டில் பேசிப் பேசி அலுத்துப்போனவர் இப்போது அளந்துதான் பேசுவார். மிச்சத்தை விசில் பேசிவிடுவான்.

இந்த வழக்கில் குற்றவாளி யார் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு உடம்பு இறால், கை நண்டுக் கொடுக்கு, தோலெல்லாம் பளிங்குக்கல் மாதிரி திட்டுத்திட்டு. கலர் மீன் விற்கிறவர்கள் கிரேஃபிஷ் என்பார்கள். ஆற்றில் வலை போடுகிறவர்கள் கொடுக்கு இறால் என்று பெயர் வைத்து, முன்னால் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்கள். இந்த ஆற்றில் இதுவரை இல்லாத பிராணி. வந்த வேகத்தில் மீன் முட்டைகளை மேய்ந்தது, நீர்ச்செடிகளை அறுத்துப் போட்டது, கரையைக் குடைந்தது, வலையில் சிக்கினால் வலையையே கிழித்தது. சந்தையில் சீந்த ஆளில்லை. முதலில் தடுப்பணைக்கு மேலே தென்பட்டது. ஒரு வெள்ளத்தில் அணையைத் தாண்டி இறங்கி, இப்போது கிளை வாய்க்கால்களிலெல்லாம் குடித்தனம் நடத்தியது.

அதை ஆற்றில் விட்டது யார் என்பதுதான் கேள்வி. கேட்டு வந்தவர் மீனவர் சங்கத் தலைவர். போன வாரம் அலுவலகத்துக்குள் நுழைந்து, கிழிந்த வலை ஒன்றை வக்கீலம்மாவின் மேஜைமேல் பிணத்தைக் கிடத்துவது போலக் கிடத்தினார். வலையின் ஓரம் முழுக்கப் பச்சை நூல் ஓடியது.

"என்ன தலைவரே, வலைக்கெல்லாம் பார்டர்? கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போவீங்களா?" என்று விசில் கேட்டான்.

"ஒவ்வொரு வீட்டு வலைக்கும் ஒரு நிறம் தம்பி. காயப்போடறப்ப கலந்துடக் கூடாதுல்ல. பச்சை எங்க வீடு."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை மறந்த மனிதர் அவர். போன வருஷம் ஒரே மகளை நோய்க்குப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு அவருக்கென்று மிச்சம் இருந்தது ஆறுதான், இப்போது அதுவும் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. "விட்டது எவனா இருந்தாலும் அவன் கை விளங்காமப் போகணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். வக்கீலம்மாவுக்கு அவர் கொடுத்த கெடு இன்று சாயங்காலம். சங்கத்துக் கொட்டகையில் கூட்டம். அங்கே வேறு பெயர் வராவிட்டால் கூட்டம் நேராகக் கலர் மீன் கடைக்குத்தான் வரும். இந்தக் கண்ணாடியை உடைத்த கல் அதற்கு முன்னோட்டம்.

"நான் விடலைம்மா," என்றார் கடைக்காரர். "எங்க தொட்டித் தண்ணி சாக்கடைல போகுது, சாக்கடை ஆத்துல கலக்குது, அதனால நான்தானாம். கேக்க ஒரு நாதியில்லை."

"சாக்கடை ஆத்துல எங்க கலக்குது?" வக்கீலம்மா கேட்டார்.

"தடுப்பணைக்குக் கீழே."

"முதல்ல இது தெரிஞ்சது அணைக்கு மேலே."

"பஸ்ஸாவது ரிவர்ஸ் எடுக்கும், ஆறு எடுக்காது," என்றான் விசில். "மேடம், இவரை இறக்கி விட்டுடலாம்."

வக்கீலம்மா இறக்கி விடவில்லை. கையில் கொண்டுவந்த கூடையைத் திறந்து, அதிலிருந்த கொடுக்கு இறால்களை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் மல்லாத்தினார். ஆற்றின் ஆறேழு இடங்களிலிருந்து பிடித்தவை. விசில் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். உதவியாளன் என்றால் கொடுக்குக்கு விரலைக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"இதுல ஆண் எது?"

கடைக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"ஒண்ணுகூட இல்லை," என்றார் மெதுவாக. "இந்த ஜாதிக்கு ஆணே கிடையாதும்மா. தனியா இருந்தாலே முட்டை வைக்கும். வயித்தடில ஒட்டிக்கிட்டுச் சுமக்கும். குஞ்செல்லாம் தாயோட அச்சு. வேற வேறன்னே சொல்ல முடியாது, ஒரே உசிரு பிரிஞ்சு பிரிஞ்சு போகுற மாதிரி."

"மாப்பிள்ளையே இல்லாம வம்சமா!" என்றான் விசில். "ஒரு டிக்கெட்ல ஒரு பஸ் ஆளும் ஏறியிருக்கு."

"அதேதான்," என்றார் வக்கீலம்மா. "நாம லாரி லாரியா கொண்டுவந்து கொட்டின ஆளைத் தேடினோம். ஒண்ணே ஒண்ணு போதும். சொல்லுங்க, அந்த ஒண்ணை யாருக்குக் கொடுத்தீங்க?"

கடைக்காரர் டேப்பை விரலிலிருந்து பிய்த்தெடுத்தார். அதற்கு ரொம்ப நேரம் ஆனது.

"நான் வாங்கினது இல்லைம்மா. தண்ணிச் செடிக் கட்டோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு, நகம் அளவுக்கு. ஒரு ஸ்கூல் பொண்ணு தினமும் வந்து கண்ணாடில மூக்கை வெச்சுப் பார்த்துட்டே நிக்கும். சும்மா எடுத்துட்டுப் போம்மான்னு கொடுத்துட்டேன். யாரு வீட்டுப் பொண்ணுன்னு தெரியாது. யூனிஃபார்ம்ல எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்குங்க. அப்புறம் அது வரவே இல்லை."

வரவே இல்லை என்ற சொல் வக்கீலம்மாவின் முகத்தில் என்னவோ செய்தது. விசில் அதைப் பார்த்தான், ஆனால் என்னவென்று புரியவில்லை.

---

தடுப்பணைக்கு மேலே ஆறு வளைகிற இடத்தில் ஆழமான மடு ஒன்று இருந்தது. மீன்கள் முட்டையிடும் இடம் என்பதால் அங்கே வலை வீசுவதில்லை என்று சங்கமே கூடி எழுதி வைத்த பலகை கரையில் சாய்ந்து நின்றது. இப்போது அந்த மடுவில் காக்க மீனும் இல்லை, முட்டையும் இல்லை. கலங்கிய தண்ணீருக்கடியில் திட்டுத்திட்டான முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தன.

விசில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாறைகளில் தட்டுத் தடுமாறி இறங்கினான். இரண்டு இடத்தில் வழுக்கி, மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தே இறங்கினான்.

"மேடம், துப்பு மேல ரோட்டுல கிடைக்காதா?"

"வேண்டாம்னு விடறவன் எங்கே விடுவான், விசில்?"

"பாலத்து மேல நின்னு தூக்கிப் போட்டுட்டுக் கையைத் தட்டிட்டுப் போயிட்டே இருப்பான்."

"பாலம் ஊருக்குள்ளேயே இருக்கு. இங்கே வந்தவங்க உன்னை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்திருக்காங்க. ஆத்துல வலை விழாத இடம் இது ஒண்ணுதான். இதைத் தேடி வந்திருக்காங்க. அப்போ, அவங்க அதைத் தொலைக்க வரலை. அது பிழைக்கணும்னு வந்திருக்காங்க." அவர் மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "வலைக்கு யாரு பயப்படுவா?"

"மீனு."

"அதுக்கு அடுத்தபடியா?"

விசில் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தான். "வலை போடறவன் வீட்டு ஆளு," என்றான்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கரையோர மரத்தின் வேரில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் மறுமுனை தண்ணீருக்குள் போனது. விசில் இழுத்தான். பாசி பிடித்த ஒரு சோப்பு டப்பா மேலே வந்தது, அடியில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு தொங்கியது. டப்பாவின் ஒரு பக்கத்தை யாரோ சூடாக்கிய கத்தியால் வளைவாக வெட்டி, ஒரு சின்ன வாசல் செய்திருந்தார்கள். வாசலுக்கு மேலே பாதி உரிந்த நட்சத்திர ஸ்டிக்கர். உள்ளே குடியிருந்த கொடுக்கு இறால் ஒன்று வெளியே வந்து விழுந்து தண்ணீருக்குள் ஓடியது.

"வீடு கட்டிக் கொடுத்துக் குடி வெச்சிருக்காங்க மேடம்!" என்று சிரித்தவன், கட்டை விரலால் நூலின் பாசியைத் தேய்த்தான். உள்ளே பச்சை நிறம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"தலைவரா? நம்மகிட்டயே வந்து கண்ணைக் கசக்கிட்டுப் போனாரே, அந்த மனுஷனா? என்ன ஒரு நடிப்பு!"

"நடிக்கிறவர் பச்சை எங்க வீடுன்னு தானா வந்து சொல்லுவாரா?" வக்கீலம்மா சோப்பு டப்பாவைத் தண்ணீரில் அலசித் தன் பையில் வைத்துக்கொண்டார். "அந்த வீட்ல இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் தெரியும். நாம போறது அவங்ககிட்ட."

அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. துப்பு கிடைத்த நாட்களில் விசிலுக்கு ஒரு டீ நிச்சயம். இன்று அவன் அதைக் கேட்கவில்லை.

---

தலைவர் வீட்டின் பின்கட்டில் நசுங்கிய இறால் ஓடுகளின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. நடுவில் ஒரு தட்டைக் கல்லும் பிடி வழுவழுத்த ஒரு குண்டுக் கல்லும் கிடந்தன. தினமும் பிடிபடுகிற கொடுக்கு இறால்களைத் தலைவர் அங்கேதான் நசுக்கிக் குழியில் கொட்டுவார் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். அவர் இன்னும் ஆற்றிலிருந்து வரவில்லை. அவர் மனைவி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து பச்சை நூலால் வலை ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வக்கீலம்மா. அவர் வர்ற நேரம்தான். உட்காருங்க தம்பி."

வக்கீலம்மா அவர் எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்து வலைமேல் வைத்தார்.

அந்த அம்மாள் அதைப் பார்த்ததும் பதறவில்லை, மறுக்கவும் இல்லை. எடுத்து, உரிந்துகிடந்த நட்சத்திரத்தைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். அது ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினார்.

"இதை அவளே செஞ்சா," என்றார். "நான்தான் கத்தியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்."

விசிலுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்று சேர்ந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்து நின்ற பெண். அப்புறம் கடைக்கு வராமலே போன பெண்.

"ஊறுகாய் ஜாடில வெச்சிருந்தா. அவர் ஒரு தடவை பார்த்துட்டு, இது குழம்புக்குக்கூட ஆகாதேன்னு கேலி பண்ணினார். நகத்தளவுதான் இருந்துச்சு அப்போ. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி வாசம்தான். நான்தான் வீட்டுக்கு வந்து வந்து அதுக்கு இரை போட்டேன். தினமும் போய் அதைப் பத்திச் சொல்லணும் அவளுக்கு. இன்னிக்கு தோல் உரிச்சுச்சும்மா, இன்னிக்கு கொடுக்கைத் தூக்கி என்னை மிரட்டுச்சும்மான்னு. சோறு இறங்காது, இதைக் கேட்டா மட்டும் சிரிப்பா." அவர் மூச்சு வாங்கினார். "ஒரு நாள் பார்த்தா, வயித்தடில கடுகு கடுகா முட்டை. போய்ச் சொன்னேன். அப்போ நான் பாட்டியாயிட்டேனாம்மான்னு கேட்டா."

எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்ல ஒரு பழக்கம் வக்கீலம்மா. ஆத்துத் தொழில் பண்ற எல்லா வீட்லயும் உண்டு. முட்டையோட வலைல ஏறினா, எதுவா இருந்தாலும் கொல்ல மாட்டாங்க. திரும்ப ஆத்துல விட்டுடுவாங்க. அவர் அவளுக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னது. அதை அவ எனக்குச் சொல்றா. அப்பா சொல்லுவாரேம்மா, முட்டை இருக்கறதை ஆத்துல விடணும்னு. நான் எழுந்து வர்ற வரைக்கும் அது தாங்காதும்மா, நீயே போய் விட்டுடு. அப்பா வலைல மாட்டாத இடமாப் பார்த்து விடு. அதோட வீட்டையும் கூட வெச்சுடு." அவர் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டார். "விட்டுட்டு ஈரப் புடவையோட ஓடினேன். விட்டுட்டேன் கண்ணுன்னேன். அவ்வளவு சிரிச்சா. அதுதான் அவ கடைசியாச் சிரிச்சது."

விசில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அவருக்குச் செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தேன். அப்புறம் ஆறு பூரா இது. தினமும் கூடை கூடையாக் கொண்டுவந்து அந்தக் கல்லுல நசுக்குவார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாபம், விட்டவன் கை விளங்காமப் போகணும்னு. நான் உள்ளே உட்கார்ந்து காதைப் பொத்திக்குவேன். கூட்டத்துல என் பேரைச் சொல்லிடுங்க வக்கீலம்மா. அந்தக் கடைக்காரர் பாவம். ஆனா அது பிள்ளையோடதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவர் சொல்லிக் கொடுத்ததாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா..."

முடிக்கவில்லை. பின்கட்டு வாசலில் கூடை ஒன்று தரையில் விழுந்தது.

தலைவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கவிழ்ந்த கூடையிலிருந்து கொடுக்கு இறால்கள் நாலு பக்கமும் ஊர்ந்தன. அவர் மண்டியிட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். வயிற்றடியில் கருகருவென்று முட்டை. அவர் வக்கீலம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் அவளோடதா?"

வக்கீலம்மா கோர்ட்டில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்னவர். இதற்கு ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

"அப்போ நான் இத்தனை நாளா..." என்று கல்லைப் பார்த்தவர், அந்த ஒன்றைத் துண்டில் பொத்தி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மனைவி எழுந்திருக்கப் பார்த்தார். வலையிலேயே தடுக்கி உட்கார்ந்துவிட்டார்.

---

சங்கத்துக் கொட்டகையில் உட்கார இடமில்லை. சிலர் கையில் தடி இருந்தது. கலர் மீன் கடைக்காரரை யாரோ ஆள் விட்டு வரவழைத்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். அவர் விரலில் இன்னும் டேப் ஒட்டியிருந்தது.

"வக்கீலம்மா, பேரைச் சொல்லுங்க," என்றது கூட்டம்.

வக்கீலம்மா எழுந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று விசிலுக்கே தெரியாது. ஆனால் அவர் பேசுவதற்கு முன்னால் தலைவர் எழுந்துவிட்டார்.

"அந்த அம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க. விட்டது நான்."

பொத்தி வைத்திருந்த துண்டை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். என்ன ஏதுன்னு தெரியாது. முட்டையோட இருந்துச்சு. நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியும். மடுவுல கொண்டு போய் விட்டுட்டேன். அந்த ஒண்ணோட வம்சம்தான் இத்தனையும். கடைக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவர் கண்ணாடிக்கு நான் பொறுப்பு."

யாராவது கத்துவார்கள் என்று விசில் காத்திருந்தான். யாரும் கத்தவில்லை. தடி வைத்திருந்தவர்களில் ஒருவர் அதைச் சுவரில் சாத்தினார்.

"முட்டையோட இருந்தா நானும்தான்யா விட்டிருப்பேன்," என்றார் இன்னொருவர். "நான் மட்டும் என்ன, இங்க எல்லாரும்தான். இப்பவும் முட்டையோட மாட்டினதை நானே ரெண்டு மூணு தடவை திரும்ப விட்டிருக்கேன். கை வரலை."

"நானும்," என்றது ஒரு குரல். பின்னாலிருந்து இன்னொன்று. அப்புறம் சொல்லாதவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ஆறு முழுக்க அது எப்படிப் பரவியது என்பதற்கு இதற்குமேல் ஒரு துப்பறிவாளரும் தேவைப்படவில்லை.

"இனிமே என்ன பண்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

தலைவர் துண்டைப் பிரித்தார். கொடுக்கு இறால் அவர் உள்ளங்கையில் இரண்டு கொடுக்கையும் தூக்கி நின்றது. அவர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"இனிமே முட்டையோட இருக்கறதைத்தான் முதல்ல கொல்லணும்," என்றார்.

கொட்டகைத் தரையிலேயே அதை வைத்தார். வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். ஓங்கினார். தினமும் கூடை கூடையாக நசுக்கிய கை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. இத்தனை பெரிய மனிதர் கல்லைப் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதார்.

கூட்டம் விலகியது. அவர் மனைவி உள்ளே வந்தார். இடுப்பில் அந்தச் சோப்பு டப்பாவைச் செருகியிருந்தார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையின்மேல் தன் கையை வைத்தார்.

"விட்டது நான்," என்றார் மெதுவாக. "சேர்ந்தே பண்ணலாங்க. பாட்டி கோவிச்சுக்க மாட்டா."

இரண்டு கைகளோடும் கல் இறங்கியது.

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். விசில் பின்னாலேயே போனான். ஆற்றங்கரை வந்தது, பாலம் வந்தது, பஸ் நிறுத்தம் வந்தது. பஸ் வந்து நின்று கண்டக்டர் ஏறச் சொன்னபோதும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.